லேபல் சுரண்டிய நான்கு பீப்பாய்கள்

1946ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 25ஆம் திகதி, திங்கட்கிழமை, முற்பகல் பத்தேகால் மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் எழுதப்பட்டது.

என் பெயர் சண்முகலிங்கம் ஜெகதீஸ்வரி. வயது இருபத்துநான்கு. மணமாகவில்லை. சமயம் இந்து. விலாசம் இல. 19, 42ஆம் ஒழுங்கை, வெள்ளவத்தை. தகப்பனார் ரயில்வே இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்துப் பட்டம் பெற்று, 1945ஆம் ஆண்டு மே மாதம் முதல் இன்று காலை வரை கொட்டாஞ்சேனையில் நாகேந்திரம் என்பவருடைய தொழிற்சாலையில் இரசாயன உதவியாளராக வேலை செய்தேன்.

நான் இம்மாதம் 16ஆம் திகதி சனிக்கிழமை இதே நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் இரண்டு பொய்கள் இருக்கின்றன. எங்கள் தொழிற்சாலையில் சவர்க்காரத்துக்குப் போடும் எரிசோடாவைத் தவிரத் தோலை எரிக்கும் மருந்து வேறெதுவும் இல்லை என்று சொன்னது ஒன்று. இருளப்பன் என்பவருடைய காலில் பட்டது என்னவென்று எனக்குத் தெரியாது என்று சொன்னது மற்றது. இவற்றைத் திருத்துவதற்காக ஒருவரும் அழைக்காமல் இன்று வந்தேன். நான் சொல்லும் இரசாயனப் பெயர்களைச் சார்ஜன் மூன்று தரம் பிழையாக எழுதியபடியால், என் கையாலேயே எழுத அனுமதி கேட்டேன். இன்ஸ்பெக்டர் தாள்களை என் பக்கம் தள்ளிவிட்டு, "கதைப் புத்தகம் எழுத வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதும். எழுதினது உமக்கே திரும்பும், அதையும் யோசித்துக்கொள்ளும்" என்று சொன்னார். யோசித்துக்கொண்டே எழுதுகிறேன்.

கொலைக் குற்றம் சாட்டப்பட்டு மறியலில் இருக்கும் நிலாம் என்பவர் இருளப்பனின் காலில் அசிட் ஊற்றவில்லை. அவர் ஊற்றியது சமையலுக்குப் பாவிக்கும் வினாகிரி. அசிட் அதற்குப் பதினைந்து நிமிடங்களுக்கு முன்பே அந்தக் காலில் இருந்தது. அது அங்கே எப்படி வந்தது என்பதை ஒழுங்காகச் சொல்கிறேன்.

நாகேந்திரம் என் தகப்பனாருக்கு ஒன்றுவிட்ட தம்பி முறையானவர். வீட்டில் அவரைச் சித்தப்பா என்றும் தொழிற்சாலையில் முதலாளி என்றும் அழைப்பேன். அங்கே முன்பு சவர்க்காரம் காய்ச்சினார்கள். யுத்தத்தில் தேங்காய் எண்ணெய்க்குக் கட்டுப்பாடு வந்த பின்பு அது பாதியாகக் குறைந்துவிட்டது. அதே காலத்தில் மாவும் அரிசியும் கூப்பனுக்கு வந்ததால், புடவைக்கு அச்சடிப்பவர்களும் நூலுக்குக் கஞ்சி போடுபவர்களும் சலவைக்காரரும் கஞ்சிமா இல்லாமல் அலைந்தார்கள். மரக்கூழைப் பதப்படுத்தித் தண்ணீரைத் தடிக்கச் செய்யும் ஒரு தூளை வெளிநாடுகளில் செய்கிறார்கள் என்று நான் ஒரு விஞ்ஞானச் சஞ்சிகையில் வாசித்திருந்தேன். அதை நாகேந்திரத்துக்குச் சொன்னவள் நானே. இரண்டு மாத முயற்சிக்குப் பின்பு, ஒரு மேசைக்கரண்டி தூளைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்து வைத்துக் காட்டினேன். அவர் கிளாஸைச் சரித்துப் பார்த்தார். அது தேனைவிட மெதுவாக நகர்ந்தது. "இதைக் கஞ்சி எண்டு குடிக்கக் குடுத்தாலும் எங்கட சனம் வரிசையில நிக்கும்" என்றார். எனக்கு அன்று மிகவும் சந்தோஷமாக இருந்தது.

செய்முறை இது. மரக்கூழ், மையொற்றும் தாளைப் போன்ற தடித்த அட்டைகளாகக் கப்பலில் வரும். அதைக் கிழித்துச் சோடாக் கரைசலில் ஊறவைத்து, அதன் பின்பு திருகு யந்திரத்தில் பிழிந்து, அதன் பின்பு கையால் உதிர்த்து ஒரு நாள் மூடி வைப்போம். அதன் பின்பு அதை இரும்புத் தொட்டியில் இட்டு, இரண்டாவது மருந்தின் கரைசலை நூல் போல ஊற்ற ஊற்ற, ஒருவர் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்றுவது இடையில் நின்றாலும், அவசரப்பட்டுக் கூடிப்போனாலும் கட்டி விழும். கட்டி விழுந்தால் தொட்டி முழுவதும் கழிவு. ஊற்றும் வேலை இருளப்பனுடையது. அவர் ஒருகொடவத்தையில் குடியிருந்தவர், இந்திய வம்சாவளியினர், நாற்பது வயது இருக்கும். கிண்டும் வேலை நிலாமுடையது. அவர் கொட்டாஞ்சேனைச் சோனகர், முப்பது வயதினர். இருவரும் பத்து வருடங்கள் ஒன்றாகச் சவர்க்காரம் காய்ச்சியவர்கள்.

இரண்டாவது மருந்து என்று நாங்கள் அழைத்தது குளோரோ அசெற்றிக் அசிட். பார்வைக்குக் கற்கண்டு, மணத்துக்கு வினாகிரி. 1945 நவம்பரில் நான்கு பீப்பாய்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் ஒரு லேபல் இருந்தது. தோலில் படக்கூடாது, பட்டால் உடனே உடையைக் கழற்றி நெடுநேரம் தண்ணீரால் கழுவ வேண்டும், தாமதிக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும் என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. நான் அதை நாகேந்திரத்துக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "லேபலைச் சுரண்டிவிடும், பிள்ளை. புறக்கோட்டையில ரெண்டு பேர் மூக்கை நீட்டிக்கொண்டு திரியிறாங்கள். பேர் தெரிஞ்சால் நாளைக்கே அவனும் இறக்குவான்" என்றார். நான் வெந்நீரில் துணியை நனைத்து லேபல்களின் மேல் போட்டு, ஊறிய பின்பு பேனாக்கத்தியால் சுரண்டினேன். அவர் என் கையைப் பிடித்துச் சுரண்டவைக்கவில்லை. மூன்று லேபல்கள் கூழாய்ப் போயின. நான்காவது முழுதாக உரிந்து வந்தது. அச்சடித்த தாளை எறிவது எனக்குக் கடினம். அதைக் காயவைத்து, அப்போது வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்துக்குள் வைத்தேன். அந்த லேபலை இத்துடன் ஒப்படைக்கிறேன். சார்ஜன் அதன் பின்புறத்தில் இன்றைய திகதியை எழுதியிருக்கிறார்.

வினாகிரியைப் பற்றியும் எழுத வேண்டும். சோடா பட்ட தோல் வழுவழுக்கும். தண்ணீரில் எவ்வளவு கழுவினாலும் அந்த வழுவழுப்பு இலேசில் போகாது. வினாகிரி விட்டால் உடனே போய்விடும். அதனால் சவர்க்காரம் காய்ச்சுபவர்கள் எல்லா இடத்திலும் தொட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு வினாகிரிப் போத்தலைக் கட்டித் தொங்கவிடுவார்கள். எதுவும் பட்டால் கை தானாக அந்தப் போத்தலுக்குப் போகும். எங்கள் தொழிற்சாலையில் தண்ணீர்க் குழாய் முற்றத்தின் மறு கோடியில் இருந்தது. போத்தல் கை எட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டாவது மருந்து வருவதற்கு முன்பு, தண்ணீரும் அதன் பின்பு வினாகிரியும் விட வேண்டும் என்று நான் ஓர் அட்டையில் தமிழில் எழுதி, சிங்களத்தில் ஸ்டோர்கீப்பர் கிளெமென்றைக் கொண்டு எழுதுவித்து, சுவரில் மாட்டியிருந்தேன். அது சோடாவுக்குச் சரியான வைத்தியம். அசிட்டுக்குச் சரியல்ல.

பீப்பாய்கள் வந்த பின்பு, இரண்டாவது மருந்துக்கு வேறோர் அட்டை மாட்ட வேண்டும் என்றும் குழாயைத் தொட்டியடிக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் நாகேந்திரத்திடம் சொன்னேன். "ரெண்டு மருந்துக்கு ரெண்டு வைத்தியம் எண்டு எழுதிப் போட்டால், ரெண்டாவது என்ன எண்டு கேட்கமாட்டாங்களோ?" என்றார். குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. ஆனால் அன்று பின்னேரம் வெள்ளவத்தைச் சந்தியில் ஒரு டின் அப்பச்சோடா வாங்கி, மறுநாள் கொண்டுபோய் என் மேசை லாச்சிக்குள் வைத்தேன். அசிட் பட்டால் தண்ணீரால் கழுவிய பின்பு அது உதவும். அதை நான் என் கைகளுக்காக வைத்திருந்தேன்.

இம்மாதம் 14ஆம் திகதி வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் தொட்டியடிக்குப் போனபோது, முதல்நாள் தொட்டியில் கட்டி விழுந்திருந்ததைப் பற்றி இருளப்பனும் நிலாமும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதையைக் கிளெமென்ற் தன் வாக்குமூலத்தில் சண்டை என்று சொல்லியிருப்பதாக அறிகிறேன். எனக்கு நினைவிருக்கிறபடி எழுதுகிறேன். நிலாம், "ஒனக்கு ஊத்தத் தெரியாது ஓய். மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரி ஊத்துற" என்றார். அதற்கு இருளப்பன், "நா ஊத்துறது சரியாத்தான் இருக்கு பாய். துடுப்பப் புடிச்சிக்கிட்டே தூங்குனா கட்டி வுழாம என்ன செய்யும்" என்றார். அதற்கு நிலாம், "இண்டைக்கும் கட்டி விழுந்தா ஒன்னத்தான் தொட்டிக்குள்ள போட்டுக் கிண்டுவன், பாத்துக்க" என்றார். இருளப்பன் என்னைப் பார்த்து, "கேட்டுக்கங்க மிஸ், நீங்கதான் சாட்சி" என்று சொல்லிச் சிரித்தார். நிலாமும் சிரித்தார். நானும் சிரித்தேன். கிளெமென்றும் ஸ்டோர் ஜன்னலடியில் நின்று சிரித்தார். அதை அவர் தம் வாக்குமூலத்தில் விட்டுவிட்டார்.

அதன் பின்பு நான் என் அறைக்குப் போய்விட்டேன். ஒன்பதரை மணியளவில் ஊற்றுவது தொடங்கியது. இருளப்பன் இராணுவத்தினர் கழித்துவிட்ட முழங்கால் அளவு ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். அது அவருக்கு இரண்டளவு பெரிது. சாரத்தை மேலே மடித்துக் கட்டியிருந்தபடியால், பூட்ஸின் வாய் காலைச் சுற்றித் திறந்தே இருந்தது. ஒன்பதே முக்கால் மணிக்கு ஓர் அலறல் கேட்டு ஓடிப்போனேன். இருளப்பன் மரப்பெட்டி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். இடது கால் பூட்ஸ் கழற்றப்பட்டிருந்தது. நிலாம் அவருக்கு முன்னால் முழந்தாளிட்டு, ஆணியில் கிடந்த போத்தலைக் கவிழ்த்துக் கடைசித் துளிகளைக் காலில் விட்டுக்கொண்டிருந்தார். கிளெமென்ற் கண்டது இதைத்தான். அவர் கண்டது பொய்யல்ல. அதற்கு முன்பு நடந்ததை அவர் காணவில்லை, கேட்கவுமில்லை.

முழங்காலுக்குக் கீழே பாதம் வரைக்கும் தோல், ஊறிய மரக்கூழ் அட்டையைப் போல வெளுத்து இறுகியிருந்தது. சோடா பட்ட தோல் அப்படி இராது. நிலாம் என்னைப் பார்த்து, "முழுப் போத்தலும் ஊத்திட்டன் மிஸ். இன்னும் எரியுதுண்டு செல்றான்" என்றார். எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு வாளி வந்தது. அதன் பின்பு நான் என் அறைக்கு ஓடி லாச்சியிலிருந்து அப்பச்சோடா டின்னை எடுத்துவந்து கரைத்து ஊற்றினேன். நிலாம் என் கையிலிருந்த டின்னையும் என் முகத்தையும் பார்த்தார். "இது எத்தின நாளா உள்ளுக்கு ஈந்த, மிஸ்?" என்று கேட்டார். நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

அதற்குள் நாகேந்திரம் வந்து தம் காரில் இருளப்பனை ஏற்றச் சொன்னார். நிலாமும் ஏற வந்தார். "நீ தொட்டியைப் பார்" என்று அவரை இறக்கிவிட்டார். நான் பின்னாசனத்தில் இருளப்பனுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் தெளிவாகக் கதைத்தார். நடந்ததை அவர் வாயால் கேட்டேன். ஊற்றத் தொடங்கிய உடனே ஜாடியின் பிடி வழுக்கி ஒரு கோப்பையளவு பூட்ஸுக்குள் போய்விட்டது. பெயர் தெரியாத அந்த மருந்தும் வழக்கமாகப் படும் சோடா வகைதான் என்று அவர் நினைத்துக்கொண்டார். "அப்ப பெருசா எரியல மிஸ், சும்மா சுருசுருன்னுச்சு. நிறுத்துனா கட்டி வுழுந்திரும், பாய் மறுபடி பேசும்னு முழுசா ஊத்தி முடிச்சிட்டுத்தான் எறங்குனேன்" என்றார். இறங்கிய பின்பு நிலாமைக் கூப்பிட்டுப் பூட்ஸைக் கழற்றச் சொன்னதும் அவரே, வினாகிரி விடச் சொன்னதும் அவரே. அதன் பின்பு அவர், "கட்டி வுழுந்துச்சா மிஸ், பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் தொட்டியைப் பார்க்கவில்லை. விழவில்லை என்று சொன்னேன்.

ஆசுபத்திரியில் டொக்டர், என்ன பட்டது என்று கேட்டார். நாகேந்திரம், "சோடா, டொக்டர். சவர்க்காரம் காய்ச்சிற இடம்" என்றார். டொக்டர் என் பக்கமும் திரும்பி, "சோடாதானா?" என்று கேட்டார். நான் நாகேந்திரத்துக்கு இரண்டடி பின்னால் நின்றேன். "ஓம்" என்றேன். அதன் பின்பு அவர்கள் சோடாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். மத்தியானம் வரை இருளப்பன் தண்ணீர் கேட்டுக் குடித்தார். இரண்டு மணியளவில் வாந்தி எடுத்தார், அதன் பின்பு ஆட்களை அடையாளம் காணவில்லை. நான்கு மணி பத்து நிமிடத்துக்கு இறந்தார்.

மறுநாள் பிரேத பரிசோதனை செய்த வைத்தியர், அது சோடாப் புண் அல்ல, அசிட் புண் என்று அறிக்கை கொடுத்தார். பொலிசார் தொழிற்சாலைக்கு வந்து அசிட் எங்கே என்று கேட்டபோது, எங்களிடம் அசிட்டே இல்லை என்று நாகேந்திரம் சொன்னார். அசிட் இல்லாத இடத்தில் ஒருவன் அசிட்டால் செத்தால், அதை யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்திருக்க வேண்டும். போத்தலோடு நின்றவர் நிலாம். காலையில் தொட்டிக்குள் போட்டுக் கிண்டுவேன் என்று சொன்னவரும் நிலாம். போத்தலை முகர்ந்து பார்த்த பொலிசாருக்குப் புளித்த மணம் வந்தது. அன்று பின்னேரமே அவரைக் கைது செய்தார்கள். நான் சனிக்கிழமை வந்து, அசிட் இல்லை என்பதற்கு இரண்டாவது சாட்சியாக என் படிப்பையும் சேர்த்துக் கொடுத்தேன்.

நான்கு பீப்பாய்களும் வெள்ளிக்கிழமை காலை, பொலிசார் வருவதற்கு முன்பே, லொறியில் ஏற்றப்பட்டு ஒருகொடவத்தையில் நாகேந்திரம் வாடகைக்கு வைத்திருக்கும் பண்டகசாலைக்குக் கொண்டுபோகப்பட்டன. தும்புப் பொதிகளுக்குப் பின்னால், வடக்குச் சுவரோரம் இருக்கின்றன. மூன்று நிறைந்தவை, ஒன்று கால்வாசி. லொறிக்காரனுக்குக் கொடுத்த துண்டில் "பசைத்தூள், நான்கு" என்று எழுதியது என் கையெழுத்து. இன்றே போனால் அங்கே இருக்கும். நான் இங்கே வந்திருப்பது தெரிந்தால் நாளைக்கு இருக்குமோ என்று சொல்ல முடியாது.

போத்தலில் இருந்தது எது என்பதை அறிவதும் கடினமல்ல. செம்புக் கம்பியை நெருப்பில் சுட்டு, போத்தலின் அடியில் மிஞ்சியிருப்பதில் தோய்த்து, திரும்ப நெருப்பில் பிடித்தால், எங்கள் மருந்தாயின் சுவாலை பச்சையாக எரியும். வினாகிரிக்கு அப்படி எரியாது. அரசாங்கப் பகுப்பாளரிடம் போத்தலையும் பீப்பாயிலுள்ள மருந்தையும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். மணம் ஒரு சாட்சியல்ல.

23ஆம் திகதி சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நிலாமின் மனைவி லுத்பியா கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தார். தகப்பனார் படலையைத் திறக்கவில்லை. நான் உள்ளே இருந்து போய்ப் படலைக்கு இப்பால் நின்றேன். அவர், "அந்தப் போத்தல் நான் குடுத்தனுப்பினது மிஸ். தேங்காத் தண்ணியில ஊட்டில போட்ட வினாகிரி. நான் சென்னா பொஞ்சாதி பொய் செல்றாண்டு செல்றாங்க. அதில ஈந்தது வினாகிரிண்டு நீங்க செல்லுங்க. வேறொண்டும் கேக்கல்ல" என்றார். நான் பொலிசில் ஏற்கெனவே சொல்லிவிட்டேன் என்றேன். என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன் என்றேன். அவர் படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு படிச்ச உங்களுக்குத் தெரியாட்டி, இனி ஆருக்கிட்டப் போய்க் கேக்கச் செல்றீங்க?" என்றார். அவர் போன பின்பு தகப்பனார், "நாகேந்திரம் எங்கட ஆள். அந்தச் சோனகன் உனக்கு ஆர்? பேப்பரில பேர் வந்தா உன்னை ஆர் கேட்டு வரப் போறான்?" என்று சொல்லிப் படலைக்குப் பூட்டுப் போட்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை நாகேந்திரம் வீட்டுக்கு வந்தார். தட்டச்சு செய்த தாள் ஒன்றை என்னிடம் தந்தார். இருளப்பனுக்கும் நிலாமுக்கும் நெடுநாள் பகை இருந்ததை நான் அறிவேன் என்றும், நிலாம் என் முன்னிலையில் பலமுறை கொலைப் பயமுறுத்தல் செய்தார் என்றும் அதில் இருந்தது. கீழே என் பெயர் அடிக்கப்பட்டு, கையெழுத்துக்கு இடம் விடப்பட்டிருந்தது. "இதில ஒரு கையெழுத்து வையும். அடுத்த கிழமை மேல்கோட்டுக்கு அனுப்பிவிடுவாங்கள், அதோட உம்மட வேலை முடிஞ்சுது. யுத்தமும் முடிஞ்சுபோச்சு, லண்டனுக்குப் போய் மேல படிக்க நான் ஒழுங்கு செய்யிறன்" என்றார். அதில் எழுதியிருப்பது உண்மையல்ல என்றேன். "லேபலைச் சுரண்டினது ஆர், பிள்ளை? டொக்டருக்கு ஓம் எண்டது ஆர்? நான் உம்மைத்தான் காப்பாத்துறன்" என்றார். அந்த இரண்டையும் செய்தவள் நானே. தகப்பனார் அவருக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்து கொடுத்தேன். கையெழுத்து வைக்காத அந்தத் தாளையும் இத்துடன் ஒப்படைக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள்:

நிலாமுக்கும் எனக்கும் வேறு ஏதாவது தொடர்பு உண்டா என்று கேட்கப்பட்டது. இல்லை. வயது வந்த பெண் ஒருத்தி ஒரு தொழிலாளிக்காகத் தன்னைக் கெடுத்துக்கொண்டு வருவதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். இந்தக் கேள்வி கேட்கப்பட்டது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று நான் விரும்புவதால் எழுதுகிறேன்.

பீப்பாய்களை மறைத்ததும் டொக்டரிடம் சோடா என்றதும் நாகேந்திரத்தின் கட்டளையா என்று கேட்கப்பட்டது. பீப்பாய்களை அனுப்பச் சொன்னவர் அவர். டொக்டரிடம் முதலில் பொய் சொன்னவரும் அவர். டொக்டர் என்னிடம் தனியாகத் திரும்பிக் கேட்டபோது, ஓம் என்று சொல்லும்படி அவர் எனக்குச் சொல்லவில்லை.

ஆசுபத்திரியில் உண்மையைச் சொல்லியிருந்தால் இருளப்பன் பிழைத்திருப்பாரா என்று கேட்கப்பட்டது. எனக்குத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் தெரியாது என்று சொல்வது பொய்யல்ல.

முதல் வாக்குமூலத்துக்கும் இன்றைக்கும் இடையில் ஒன்பது நாட்கள் என்ன செய்தீர் என்று கேட்கப்பட்டது. காத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனேன். தொட்டியடியில் நிலாமின் இடத்தில் வேறொருவர் கிண்டினார். இருளப்பனின் இடத்தில் வேறொருவர் ஊற்றினார். சோடா மட்டும்தான் இருந்தபடியால் பொலிசாருக்குக் காட்டுவதற்காகச் சவர்க்காரம் காய்ச்சினார்கள். கிளெமென்றின் ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு ஒருவரைத் தூக்குமேடைக்கு அனுப்ப முடியாது, நிலாம் தானாக விடப்படுவார் என்று கணக்குப் போட்டேன். மேல்கோட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று நேற்று அறிந்த பின்புதான் அந்தக் கணக்குப் பிழை என்று கண்டேன்.

நிலாம் தானாக விடப்பட்டிருந்தால் என்ன செய்திருப்பீர் என்று கேட்கப்பட்டது. இங்கே வந்திருக்க மாட்டேன். இதில் எதையும் ஒருவருக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

இந்தக் கடைசிப் பதில் வழக்குக்குத் தேவையில்லை, வேண்டுமானால் வெட்டிவிடலாம் என்று இன்ஸ்பெக்டர் இதுவரை இல்லாத மரியாதையோடு சொன்னார். வெட்ட வேண்டாம் என்றேன்.

மேலே உள்ள எட்டுத் தாள்களும் என் கையால் எழுதப்பட்டவை. ஒருவரும் பயமுறுத்தியோ ஆசை காட்டியோ எழுதுவிக்கவில்லை. எழுதியதைத் திரும்ப வாசித்தேன். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. எல்லாம் நான் அறிந்த உண்மை என்று ஒப்புக்கொண்டு ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ச. ஜெகதீஸ்வரி
25.2.1946, பிற்பகல் 1.40